சின்னதைத்தான் எடுக்கணும்

“அந்த ஸ்கிரீனை என் பக்கம் கொஞ்சம் திருப்புங்க, டாக்டர்.”

கேட்டேவிட்டேன்.

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று நாத்தனார் நேற்றுகூடப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “பாத்தா உனக்கு என்ன புரியப் போகுது? சாம்பல் கலர்ல மேகம் மாதிரி இருக்கும். அந்த டாக்டருக்குக் கேள்வி கேட்டா பிடிக்காது. நான் வேலை பாக்கிற இடம்மா அது. என் மானத்தை வாங்கிடாதே.”

இந்தக் கருத்தரிப்பு மையத்தின் கீழ்த்தளத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை டைப் அடிப்பது அவள்தான். அவளால்தான் எங்களுக்கு இங்கே சீக்கிரம் நாள் கிடைத்தது. அதை அவளும் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை.

ஆனால் சாம்பல் நிற மேகம் எனக்குப் புரியாது என்று சொன்னால் எப்படிப் பொறுப்பது? நான் வேலை பார்ப்பது இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில். வார்த்து ஆறிய உருப்படிக்குள் எங்கே பொத்தல், எங்கே விரிசல் என்று ஒலி அலையை விட்டுக் கண்டுபிடிப்பது என் வேலை. எட்டு வருஷமாக இரும்பின் மேல் ஜெல்லியைத் தடவி, இதே மாதிரி கருவியை வைத்துத் தேய்த்து, இதே மாதிரி திரையைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “எதுக்கு?”

“என்னோடதுதானே. நான் பாக்கணும்.”

பக்கத்தில் நின்ற நர்ஸ் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. டாக்டர் ஒரு விரலால் திரையைத் தள்ளினார். அது சத்தமே இல்லாமல் என் பக்கம் திரும்பியது. இதற்குத்தான் இத்தனை பயமுறுத்தல்!

கல்யாணமாகி ஆறு வருஷம். எனக்கு முப்பத்துமூன்று வயது. இந்த மையத்தில் எங்கள் இரண்டு கருக்கள் உறைந்த நிலையில் காத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை இந்த மாதம் உள்ளே வைப்பது என்று முடிவாகியிருந்தது. இதற்கிடையில் என் கர்ப்பப்பையில் ஒரு கட்டி. புற்றெல்லாம் இல்லை, சாதாரண சதைக் கட்டி. அதை எடுத்துவிட்டுத்தான் மற்றது என்று நானும், கத்தியே வேண்டாம் என்று என் மாமியாரும் ஒரு வருஷமாகச் சண்டை. எங்கள் வீட்டில் யார் என்ன பேசினாலும் கடைசியில் அந்தக் கட்டியில்தான் வந்து முட்டிக்கொள்ளும்.

“இதோ, இதுதான் உங்க கட்டி.” டாக்டர் திரையில் ஒரு வட்டத்தைச் சுட்டினார். “அஞ்சரை சென்டிமீட்டர்.”

“இதை எடுக்கணும் டாக்டர்.”

“ஏன்?”

“இவ்வளவு பெருசா இருக்கே!”

“இருந்தா? இது கர்ப்பப்பையோட வெளிச்சுவர்ல, வெளிப்பக்கமா வளந்து தொங்குது. குழந்தை தங்கற அறையை இது தொடவே இல்ல. வலி இருக்கா? அடிக்கடி சிறுநீர் வருதா?”

“இல்ல.”

“அப்ப அது பாட்டுக்கு இருக்கட்டும். அதைத் தோண்டி எடுக்கப் போய், உள்ள தழும்பாகி, வேண்டாத தலைவலியை இழுத்துக்க வேண்டாம்.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஒரு வருஷம்! அந்தக் கட்டிக்காக நான் மூன்று தடவை சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். ஒரு தடவை பெட்டியைக்கூடக் கட்டினேன். மாமியார் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அதைவிட டாக்டர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

டாக்டர் சினைப்பை இரண்டையும் அளந்துவிட்டுக் கருவியை எடுக்கப் போனார். அன்று காலை நான் பதினேழாவது ஆள். வெளியே இன்னும் கூட்டம்.

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது பழக்க தோஷம்.

“டாக்டர், அந்த நடுக்கோடு ஓரிடத்துல வளைஞ்சு போகுதே, அது அப்படித்தான் இருக்குமா?”

“எங்க?”

“கொஞ்சம் முன்னாடி போங்க. இன்னும். அங்க.”

டாக்டரின் கை நின்றது. முன்னே போய், பின்னே வந்து, கருவியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு புள்ளிகளை வைத்து அளந்தார். பதினெட்டு மில்லிமீட்டர். கர்ப்பப்பை அறையின் உள்ளே முக்கால்வாசி துருத்திக்கொண்டு ஒரு உருண்டை.

அவர் என் ஃபைலைத் திறந்தார். “போன ரிப்போர்ட்ல ‘உள்ளறை இயல்பாக உள்ளது’ன்னு போட்டிருக்கே?”

“முட்டை எடுத்தப்பவும் ஸ்கேன் பண்ணீங்களே டாக்டர்?”

“அப்ப எங்க கண்ணெல்லாம் சினைப்பை மேலதான். நான் இந்த ரிப்போர்ட்டை நம்பினேன்.” ஃபைலை மூடினார். “நல்லவேளை, கேட்டீங்க.”

உடை மாற்றிக்கொண்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். ஒரு காகிதத்தில் கர்ப்பப்பையை வரைந்து, பெரிய கட்டியை வெளியிலும் சின்னதை உள்ளேயும் போட்டுக் காட்டினார். சின்னது இருப்பது கரு போய் ஒட்ட வேண்டிய இடம். அப்படியே கருவை வைத்தால் ஒட்டவே ஒட்டாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாய்ப்பு குறையும், ஒட்டினாலும் கலையும் பயம் கூடுதல் என்றார். எனக்கு மாதாமாதம் ஒன்பது நாள் ரத்தம் கொட்டுவதற்கும் பெரியதைவிட இந்தச் சின்னதுதான் காரணமாக இருக்கும் என்றார்.

“வயித்தைக் கிழிக்கணுமா?”

“வேண்டாம். கீழ்வழியா கேமரா விட்டுச் செதுக்கி எடுத்துடலாம். காலைல வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். அதுக்கு முன்னாடி இரும்புச் சத்தை டிரிப்ல ஏத்தணும், உங்களுக்கு ரத்தம் ரொம்பக் குறைச்சல். ஆறினதும் ஒரு தடவை உள்ள பாத்துட்டு, ரெண்டு மூணு மாசத்துல கருவை வைக்கலாம்.”

“இந்த மாசமே வச்சா?”

“வைக்கணும்னா இன்னைக்கு ராத்திரியே கர்ப்பப்பையைத் தயார் பண்ற இந்த மாத்திரையை ஆரம்பிக்கணும். ஆபரேஷன்னா மாத்திரை கூடாது, இந்த மாசத்து ரத்தம் நின்னதும் பண்ணிடணும். அடுத்த புதன்கிழமை ஒரு இடம் காலி இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லுங்க.”

“என் கையெழுத்து போதுமா டாக்டர்?”

“போதும். ஆனா முடிஞ்சதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். அதனால வீட்டுல சொல்லிட்டு வாங்க.” போன ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் புரட்டினார். “இதுல ஏன் வரலைன்னு ஸ்கேன் டாக்டரைக் கேக்கணும். அவர் லீவு முடிஞ்சு நாளன்னைக்குத்தான் வருவார்.”

அதை டைப் அடித்தது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

*

டைப் அடிக்கும் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி. நாத்தனார் ஒரு காதில் ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டு, மறு காதால் என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுவிட்டாள்.

“திருப்பச் சொன்னியாமே! நர்ஸ் வந்து சொல்லிட்டுப் போறா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வாயை வீட்டுல வச்சுட்டு வரக் கூடாதா நீ?”

நான் ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்து அந்த வரியில் விரலை வைத்தேன்.

“உள்ளறை இயல்பா இருக்குன்னு யார் அண்ணி சொன்னது?”

“ஸ்கேன் டாக்டர் பேசி அனுப்பறாரு, நான் கேட்டு அடிக்கிறேன். நானா கதை எழுதறேன்?”

“அவர் பேசின பதிவு இருக்கா?”

“மூணு மாசத்துக்கு வச்சிருப்போம். ஏன்?”

“போடுங்க.”

“இப்ப எதுக்கு?”

“போடுங்க அண்ணி.”

தேடிப் போட்டாள். ஹெட்ஃபோனில் ஒன்றை என் காதில் வைத்தாள், ஒன்றை அவள் வைத்துக்கொண்டாள். சளி பிடித்த ஆண் குரல். என் வயது, தேதி, பெரிய கட்டி, வெளிச்சுவர், ஐந்தரை. ஒரு தும்மல். அப்புறம் அதே குரல் சொன்னது: “இரண்டாவது கட்டி. சிறியது. பதினாறு மில்லிமீட்டர். உள்ளறைக்குள் துருத்துகிறது. சிகிச்சைக்கு முன் கவனிக்கவும்.”

நாத்தனார் நிறுத்தினாள். திரும்பவும் போட்டாள். திரும்பவும் அதையேதான் சொன்னது.

“நான் இதைக் கேக்கவே இல்ல,” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “சத்தியமா கேக்கல.”

“எப்படி அண்ணி கேக்காம இருக்க முடியும்?”

அவள் அடிக்கும் முறையைச் சொன்னாள். பழைய ஆள் என்றால் புதிதாக அடிக்க மாட்டாள். போன ரிப்போர்ட்டைத் திறந்து, மாறியிருப்பதை மட்டும் மாற்றி, தேதியைப் போட்டு எடுத்துவிடுவாள். ஒரு நாளைக்கு நாற்பது ரிப்போர்ட். வேறு எப்படி முடிப்பது? அன்றைக்கு என் பதிவைத்தான் முதலில் எடுத்திருக்கிறாள், வீட்டு ஆளாயிற்றே. மாமியார் அதற்குள் இரண்டு தடவை போன் செய்து, கட்டி வளர்ந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டார்.

“அஞ்சரைன்னு வந்ததும் நம்பரை மாத்தினேன். அம்மாவுக்குப் போன்ல சொன்னேன். மிச்சமெல்லாம் பழையபடிதான் இருக்கும்னு... நாம யாருமே வேற எதையும் கேக்கலியேம்மா! அந்த ஒரு நம்பரைத்தானே எல்லாரும் கேட்டுட்டு இருந்தோம்?”

சுருக்கென்றது. அந்த ரிப்போர்ட்டை நான் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். இரண்டு பக்கம். நான் தேடியதும் ஒரே ஒரு எண்ணைத்தான். அது கூடியிருந்ததைப் பார்த்து, சண்டைக்குப் புதுச் சரக்கு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

“டாக்டர்கிட்ட சொல்லிடாதே,” என்றாள். “பழசு மேல அடிக்கக் கூடாதுன்னு எழுதியே ஒட்டியிருக்காங்க. வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. எனக்கு இதை விட்டா என்ன இருக்கு, சொல்லு.”

பொய்யில்லை. புருஷனை விட்டு வந்து ஐந்து வருஷம். ஒரு வருஷம் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவளை எழுப்பி நிற்க வைத்தது இந்த மேஜையும் இந்த ஹெட்ஃபோனும்தான்.

“எல்லாரோடதையும் இப்படித்தான் அடிப்பீங்களா?”

ஹெட்ஃபோனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். எதுவும் ஓடவில்லை. எனக்குத் தெரிந்தது.

*

என் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். போன் செய்தபோது ஏதோ ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்திருந்தான். வீட்டில் ‘நீங்க’, போனில் ‘நீ’. அது எங்களுக்குள் ஒப்பந்தம்.

“பெருசு வேண்டாமாம். சின்னதைத்தான் எடுக்கணுமாம்.”

“எது சின்னது? நமக்கு சின்னது வேற இருக்கா?”

சொன்னேன். டைப் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான், ஸ்பேனர் சத்தம் கேட்டது.

“கடுகு சிறுத்தாலும்...”

“பழமொழி சொன்னே, போனை வச்சுடுவேன்.”

“சரி சரி. மூணு மாசம் தள்ளிப் போகும்னு அம்மாகிட்ட யாரு சொல்றது?”

“நீ சொல்லு.”

“நீ நல்லா பேசுவே.”

“நான் நல்லா பேசுவேன். அப்புறம் உங்க அம்மா நல்லா பேசுவாங்க. நீ வழக்கம்போல ரெண்டு மாடிக்கு நடுவுல நிப்பே.”

“அது என் தொழில்டீ,” என்று சிரித்தான். “நாலு மணிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் ஒண்ணும் ஆரம்பிக்காதே.”

*

ஆரம்பித்துவிட்டேன். என்ன செய்வது, மாமியார் கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வியே, “என்னிக்கு வைக்கிறாங்க?”

மாமியார் முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. கூடத்தில் படுக்கை விரிப்பை மூலைக்கு மூலை பிடித்து மடித்துக்கொண்டிருந்தார். நான் மறு முனையைப் பிடித்தேன். மடித்துக்கொண்டே சொன்னேன்.

பெரிய கட்டியை விட்டுவிடலாம் என்ற இடத்தில் அவர் கை நின்றது.

“இரு இரு. ஒரு வருஷமா நான் என்ன சொன்னேன்?”

“பெருசைத் தொடாதேன்னு சொன்னீங்க.”

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“பெருசைத் தொடாதேன்னு சொன்னாங்க.”

“அப்ப டிகிரி யாருக்கு? எனக்கா, உனக்கா?”

இந்த வீட்டில் என் பட்டப்பெயரே ‘டிகிரி’தான். எங்கள் அப்பா லாரியில் மூட்டை ஏற்றுபவர். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதை நான் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுகிறேன் என்பது மாமியாரின் புகார்.

“உங்களுக்குத்தான் அத்தை,” என்றேன். “ஆனா ஒரு பேப்பர் அரியர் இருக்கு.”

சின்னக் கட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்திலிருந்த வெற்றி மெல்ல வடிந்தது.

“கட்டைவிரல் அகலம்கூட இல்ல. அதுக்குப் போய் ஆபரேஷனா? பெருசை விட்டுட்டு சின்னதை அறுக்கறாங்கன்னா கேக்கறவன் சிரிக்க மாட்டான்? இரும்புல வேலை செய்யறவளுக்கு உடம்புல இரும்பு இல்லன்னு மாத்திரை கொடுத்தாங்க, சரின்னேன். இது சரியில்ல.”

“அது இருக்கிற இடம் சரியில்ல அத்தை.”

“எனக்கும் சின்னதுதான்னாங்க.”

நான் விரிப்பைக் கீழே வைத்தேன். இதை அவர் இதுவரை சொன்னதில்லை.

“முப்பத்தாறு வயசு. சின்னக் கட்டி, எடுத்துட்டா ரத்தம் நின்னுடும்னாங்க. கண்ணைத் தொறந்தா பையே இல்ல. உங்க மாமா கையெழுத்துப் போட்டாரு. அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூணு மாசம் கழிச்சு வேலைக்குப் போனேன். அதே ஆபரேஷன் தியேட்டர் துணிதான் என் கைக்கு வரும். விரிப்பைப் பாத்தே சொல்லிடுவேன், உள்ள போனவ முழுசா வந்தாளா, எதையாவது விட்டுட்டு வந்தாளான்னு. எத்தனை விரிப்பு, தெரியுமா?”

ஒரு வருஷமாக நான் இவரைப் பழம்பஞ்சாங்கம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏன் அத்தை இதை முன்னாடியே சொல்லல?”

“நீ கேட்டாத்தானே! நீ கேள்வி கேக்கறதெல்லாம் டாக்டரைத்தான்.”

கீழே வைத்த விரிப்பை எடுத்து மடித்தேன்.

மெதுவாகச் சொன்னேன். “என் பேப்பரை நானே படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதம் இல்லன்னு என் கையாலேயே எழுதித் தருவேன். கேமரா வழியா அந்த ஒரு கட்டி மட்டும்தான்.”

“எழுதினா ஆச்சா?” அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். குரலில் சண்டை இல்லை, கெஞ்சல் இருந்தது. “நான் சொல்றதைக் கேளு. ரெண்டு கரு இருக்குல்ல? ஒண்ணை இந்த மாசம் வச்சுப் பாரு. நின்னா நம்ம அதிர்ஷ்டம். நிக்கலேன்னா அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கோ. நான் குறுக்க வர மாட்டேன்.”

நியாயமான பேச்சு மாதிரிதான் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

“எங்க ஃபேக்டரியில நூறு உருப்படி வார்த்தா, அதுல ஒண்ணை உடைச்சுப் பாப்போம் அத்தை. நூறு இருக்கு, உடைக்கலாம். எனக்கு இருக்கறது ரெண்டு. ஓட்டைன்னு தெரிஞ்ச இடத்துல கொண்டு போய் ஒண்ணை வச்சுட்டு, என்ன ஆகுதுன்னு வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?”

அந்த நேரத்தில்தான் என் புருஷன் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு,” என்றான்.

“இன்னும் யாரு என்ன சொன்னோம்னே உங்களுக்குத் தெரியாதே!” என்றேன்.

மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “நீயே சொல்லுடா. மூணு மாசம் தள்ளிப் போடறதா?” என்றார்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். “அம்மா, லிஃப்ட்டைத் தூக்கற கம்பிக் கயித்துல ஒரு இழை அறுந்திருக்குன்னு கண்ணால பாத்துட்டா, நான் அந்த லிஃப்ட்டை ஓட விட மாட்டேன். உள்ள இருக்கறவன் அவசரம்னு கத்துவான். கத்தட்டும்.” பிறகு என்னைப் பார்த்தான். “புதன்கிழமை நான் லீவு போடறேன்.”

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் ஒரு மாடியில் வந்து நின்றான். பாராட்டத் தோன்றியது. ஆனால் பாராட்டினால் பயந்துவிடுவான் என்று விட்டுவிட்டேன்.

மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். சம்மதமா கோபமா, தெரியவில்லை.

*

ஐந்து அடிக்கப் பத்து நிமிடம். நாத்தனார் வந்தாள். வழக்கமாக அவள் வர ஏழாகும். வந்தவள் என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“உன் ஆபரேஷனுக்கு நீ சம்மதம் சொல்லிடு. நானும் அம்மாகிட்ட பேசறேன். டைப் விஷயத்தை மட்டும் விட்டுடு. ஸ்கேன் டாக்டர் வந்ததும் நான் பாத்துக்கறேன். அதுக்குள்ள சரி பண்ணிடுவேன்.”

“எதைச் சரி பண்ணுவீங்க?”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் அழுது வீங்கியிருந்தது.

“நான் போன பிறகு மத்த பதிவையெல்லாம் கேட்டீங்களா அண்ணி?”

“இந்த வாரம் கரு வைக்கப் போறவங்களோடதை மட்டும்.”

“எத்தனைல தப்பு?”

“ஒண்ணுதான்.” விரலைக் காட்டினாள், ஏதோ குறைவு என்பது போல. “ஒரே ஒண்ணு. அவங்களுக்கும் உள்ளறையில ஏதோ இருக்குன்னு சொல்லியிருக்காரு. ரிப்போர்ட்டுல இல்ல.”

“அவங்களுக்கு எப்ப கரு வைக்கிறாங்க?”

காட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

“எப்ப அண்ணி?”

“நாளைக்குக் காலைல. ஒன்பது மணி.” அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். “டாக்டர் எப்படியும் ஒரு தடவை ஸ்கேன் பண்ணுவாங்கல்ல, பாத்துடுவாங்க.”

“என்னோடதையும்தான் இத்தனை தடவை பண்ணாங்க.”

மாமியார் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ. “வேலை போயிட்டா இவ என்ன ஆவா?” என்றார் என்னிடம். “அந்தப் பொம்பளை யாரோ. இவ உன் வீட்டுப் பொண்ணு.”

எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. முகம்கூடத் தெரியாது. அவள் வீட்டிலும் இந்நேரம் யாராவது எதையாவது மடித்துக்கொண்டு, நாளைக்கு என்ன உடுத்துவது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு உறைந்த நிலையில் எத்தனை இருக்கின்றன? இரண்டா? ஒன்றா?

“அண்ணி, நீங்களே வந்து சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன். நாற்பது ரிப்போர்ட்டை ஒருத்தர் தலையில கட்டினா தப்பு வரத்தான் செய்யும்னு அந்த டாக்டர் மூஞ்சிக்கு நேரா நான் கேக்கறேன். கேக்க மாட்டேன்னு நினைக்கறீங்களா?”

“நீ கேப்பே,” என்றாள் அழுதுகொண்டே. “உனக்கென்ன. நாளைக்கு உனக்கு ஃபேக்டரி இருக்கு.”

“போன் பண்ணிச் சொல்லிடேன்,” என்றான் என் புருஷன் கூடத்திலிருந்து.

“போனை எடுக்கறது ரிசப்ஷன். டாக்டர் வரைக்கும் போகாது. ஆறு மணிக்கு அவங்க கிளம்பிடுவாங்க.”

மணி ஐந்து பதினைந்து. டாக்டர் தந்த மாத்திரை அட்டையை ஃபைலிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒன்றும் கிழிக்காத முழு அட்டை. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

“நில்லு, வண்டியை எடுக்கறேன்,” என்றான் அவன்.

“வேண்டாம். அண்ணி வந்தா அவங்களை ஏத்திட்டு வாங்க. நான் பஸ்ல போறேன்.”

மாமியார் என்னைத் தடுக்கவில்லை. மகளையும் என்னையும் பார்த்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

நான் செருப்பை மாட்டும்போது நாத்தனார் பின்னாலேயே வந்தாள். “என் பேரைச் சொல்லுவியா?”

“அந்தம்மாவோட ரிப்போர்ட் தப்புன்னு சொல்லுவேன். யாரு அடிச்சதுன்னு கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அவங்க கேக்கறதுக்குள்ள நீங்க வந்துடுங்க அண்ணி.”

மேலே படியில் அவள், கீழே நான். இருவருக்கும் நடுவில் ஒரு வினாடி போயிருக்கும்.

திரும்பி இறங்கினேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒருத்தி அந்த மேஜையில் படுக்கப் போகிறாள். தெருமுனையில் பஸ் கண்ணில் பட்டது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்க நேரமில்லை. கையைக் காட்டிக்கொண்டே ஓடினேன்.